நாகர்கோவில் டிக்கெட்டில் கோவில்பட்டி

வண்டி போய்விட்டது, சுகிர்தம் அதில் இல்லை. கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளாக ஒரு பெருக்கல் குறி, யாரோ சிலுவையைச் சாய்த்து வைத்தது போல, சின்னதாகிச் சின்னதாகி வெயிலுக்குள் கரைந்த பிறகு பிளாட்பாரத்தில் அவளும் தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாயும்தான் மிச்சம். இறங்கிவிட்டேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது திருடினவள் மாதிரியும் இருந்தது, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரியும் இருந்தது. எதிர் சீட்டுக்காரி தாம்பரத்திலிருந்தே நீங்களும் நாகர்கோவிலா நாங்களும் நாகர்கோவில் என்று சொந்தம் கொண்டாடி, ராத்திரி எலுமிச்சை சாதம் கொடுத்து, காலையில் இவள் பையைத் தூக்கினதும் கையைப் பிடித்துக்கொண்டாள், இது கோவில்பட்டி அக்கா, நமக்கு இன்னும் நேரம் இருக்கு. தெரியும்மா, இங்கதான் இறங்கணும் என்று சொன்னபோது அந்த முகத்தில் வந்த சந்தேகம், பாவம், கிழவி இடம் தெரியாமல் இறங்குகிறாள் என்று இப்போது பெட்டி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். சொல்லட்டும். டிக்கெட் கைக்குட்டைக்குள் இருக்கிறது, கைக்குட்டை மணிபர்சுக்குள், மணிபர்ஸ் பையின் உள்ஜிப்பில். தொட்டுப் பார்த்தாள். டிக்கெட் நாகர்கோவில் வரைக்கும், பெர்த் மட்டும் கோவில்பட்டி வரைக்கும். தாம்பரம் கவுண்டரில் இருந்த பெண் ரிசர்வேஷன் பாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஏம்மா, அங்கேயிருந்து மிச்ச தூரம் நடந்தா போவீங்க என்று கேட்டாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சுகிர்தமும் சிரித்தாள். இப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர் பிள்ளைகளுடைய அப்பா. தாசையன், ஆர்.எம்.எஸ்.ஸில் முப்பத்தோரு வருடம் ஓடுகிற வண்டியில் நின்றுகொண்டே கடிதம் பிரித்தவர், வீட்டில் சோறு உண்ணும்போதுகூட உடம்பு லேசாக ஆடும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல டிக்கெட்டுன்னா, ஐந்நூறு தாண்டின பெறவு நடுவுல ஒருக்கா இறங்கிக்கலாம் பிள்ளே, ரெண்டு நாள் இருந்துட்டு அதே டிக்கெட்டுல ஏறிப் போலாம், ஆருக்கும் தெரியாது, தெரிஞ்சவனும் இறங்க மாட்டான் என்பார். இறங்காமலே போய்விட்டார். போய் நாலு வருடம். மதுரையில இறங்க முடியாது பாத்துக்க, அது ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைச்சல், விருதுநகரில் இருந்துதான் கணக்கு என்று சொல்லும்போது அவர் குரலில் வந்த சந்தோஷத்தை நினைத்தாள். யாருக்கும் தேவைப்படாத ஒன்றைச் சரியாகத் தெரிந்து வைத்திருக்கிற சந்தோஷம்.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் நின்றாள். உள்ளே இருந்தவருக்கு மகன் ஜெபினைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும், டீ கிளாஸை ரிஜிஸ்டர் மேல் வைத்திருந்தார். கைக்குட்டையைப் பிரித்து டிக்கெட்டை நீட்டி, ஐயா, இதுல எழுதித் தரணும் என்றாள்.

"எதை எழுதணும்?"

"நடுவுல இறங்கியிருக்கேன். பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போடணும்னு சொல்லுவாங்க."

அவர் டிக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி டிக்கெட்டை. "பிரேக் ஜர்னியா? இதை உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"வீட்டுக்காரர். ஆர்.எம்.எஸ்.ல இருந்தாங்க. இப்ப இல்ல."

"நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. ஒருத்தர்கூட இதைக் கேட்டு வந்ததில்லை." டீ கிளாஸை ஓரமாக நகர்த்தினார். நல்ல பேனா ஒன்றைத் தேடி எடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணியையும் தேதியையும் ஊரின் சுருக்க எழுத்துகளையும் எழுதினார், கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி ஊதிக் காய வைத்தார். "நாளை மறுநாள் வரைக்கும் இருக்கலாம். இங்க சொந்தக்காரங்களா?"

"ஒரு ஆளைப் பார்க்கணும்."

"பேர் சொல்லுங்க, ஊர்க்காரங்களா இருந்தா ஆட்டோக்காரங்களுக்குத் தெரியும்."

"பேரு தெரியாது ஐயா" என்றாள். தலை குனிந்துகொண்டது. "உயிரோட இருக்காங்களான்னும் தெரியாது." பதினொன்றே முக்காலுக்கு ஒரு வண்டி இருக்கிறது, அன்ரிசர்வ்டில் ஏறிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார். நல்ல பிள்ளை. யார் பெற்ற பிள்ளையோ, ஆண்டவரே, அவன் கையெழுத்தை ஆசீர்வதியும்.

பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கினாள். டீ வாயைச் சுட்டது, அந்தச் சூடு நன்றாக இருந்தது. யாரும் அடுத்து என்ன என்று கேட்காத காலை. மகன் வீட்டில் இந்நேரம் குக்கர் சத்தமும், பேத்தியின் ஷூவில் ஒன்று காணாமல் போகிற சத்தமும். இன்றைக்கு யார் தேடிக் கொடுப்பார்கள். கொடுப்பார்கள், தேடினால் கிடைக்கும், கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். போன் அடித்தது. மகள் ஷைலா, நாகர்கோவிலிலிருந்து.

"எம்மா, எங்க வந்திருக்கீங்க?"

"கோவில்பட்டியில இறங்கிட்டேன் மக்களே. சாயங்காலத்துக்குள்ள வந்திருவேன்."

"கோவில்பட்டியில நமக்கு ஆரு இருக்கா?"

"தெரிஞ்சவங்க."

"எனக்குத் தெரியாத தெரிஞ்சவங்களா? எம்மா, சீட்டு கீட்டு ஏதும் போட்டு ஏமாந்துட்டீங்களா?"

"சும்மா இருட்டீ. ஒரு பொம்பளை. பார்த்துட்டு வாரேன்."

"நெத்திலி வாங்கி வச்சிருக்கேன். மதியத்துக்கு வரல்லேன்னா உங்க மருமகன் ஒத்தைக்குத் தின்னு தீர்த்துருவாரு, எங்கிட்ட பெறவு சொல்லக் கூடாது." சிரித்துக்கொண்டே வைத்தாள். தெரிஞ்சவங்க. பொய் சொல்லிவிட்டோமா. மூன்று நிமிடம் பார்த்த முகத்தைத் தெரிஞ்சவங்க என்று சொல்லலாமா. ஆனால் இருபத்திரண்டு வருடமாக ஒரு ராத்திரி தவறாமல் ஆண்டவரிடம் அவளைப் பற்றிப் பேசியிருக்கிறேனே, கூடப் பிறந்த தங்கச்சியைப் பற்றிக்கூட அவ்வளவு பேசியதில்லை. தங்கச்சிக்கு சுகர் வந்த பிறகுதான் தினமும் சேர்த்துக்கொண்டேன். இவளுக்கு ஒன்றும் வரவில்லை, வந்ததா என்றும் தெரியாது, பெயர் இல்லை, ஊர் இல்லை, அவள் மதம் என்ன சாதி என்ன என்று இல்லை, வாயில் சேலை முந்தியை அடைத்துக்கொண்டு ஜல்லிக் குவியல் மேல் உட்கார்ந்திருந்தவள், அவ்வளவுதான் விலாசம்.

அன்றைக்கும் வெயில்தான். பள்ளிக்கூட லீவுக்கு மெட்ராஸில் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த நாள், வண்டி நாலு மணி நேரம் லேட், கோவில்பட்டிக்குள் நுழைவதற்கு முன்னாலேயே சிக்னல் கிடைக்காமல் நின்றுவிட்டது. தாசையன் மேல் பெர்த்தில் கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நமக்குப் பின்னாலேயே ஒண்ணு வந்துட்டு இருக்கு, முக்கால் மணி நேரத்துல இந்த இடத்துக்கு வந்திரும், நம்மள உள்ள எடுத்தாத்தான் அதுக்கு வழி என்று விளக்கிக்கொண்டிருந்தார், யாரும் கேட்கவில்லை. அவள் ஜன்னலோரம். வெளியே கரிசல் மண் வெடித்துக் கிடக்க, ஒரு வேப்ப மரமும் கூரை போன ஒரு சின்னக் கட்டடமும், அதற்குப் பக்கத்தில் ஜல்லிக் குவியலும், அதன் மேல் அந்தப் பெண். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. முடி அவிழ்ந்து கிடந்தது, கண் சிவந்து கிடந்தது, ஓடி வந்தவள் போல நெஞ்சு ஏறி இறங்கியது. எழுந்து வந்து ஜன்னலுக்குக் கீழே நின்று, தண்ணி இருக்காக்கா என்றாள். கம்பிக்கு நடுவே பாட்டிலைக் கொடுத்தாள் சுகிர்தம். அண்ணாந்து குடித்தாள், தொண்டை எலும்பு மேலும் கீழும் போனது, பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்டாள், யக்கா, இதுக்குப் பெறவு அடுத்த வண்டி எப்ப வரும். முக்கால் மணி நேரத்துல வந்திரும் என்று சுகிர்தம் சொன்னாள். உடனே சொன்னாள், தெரிந்ததைச் சொல்லுகிற பெருமையோடு சொன்னாள், இதே தண்டவாளத்துலதான் என்று கூடச் சேர்த்துச் சொன்னாள், அதை யார் கேட்டது. அந்தப் பெண் குனிந்து சக்கரத்தையே பார்த்தாள். இந்தச் சக்கரம், அடுத்த சக்கரம் என்று ஒவ்வொன்றாகக் குனிந்து குனிந்து பார்த்தாள். வண்டி அசைந்தது. அசைந்தவுடன் விலகிப் போகாமல் இன்னும் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள், உதடு எதையோ முணுமுணுத்தது. தள்ளி நில்லு என்று சுகிர்தம் கத்தினாள், சத்தம் சக்கரத்துக்குள் போய்விட்டது. கோவில்பட்டி வந்து போய், வடைக்காரன் ஏறி இறங்கி, அவன் சத்தம் அடங்கின பிறகுதான் மனசுக்குள் அந்தக் கேள்வி திரும்பி வந்து உட்கார்ந்தது. பையில்லை, சாமான் இல்லை, தனியாகத் தண்டவாளத்தோரம் இருக்கிறவளுக்கு அடுத்த வண்டியின் நேரம் எதற்கு. தாசையனை எழுப்பிச் சொன்னாள். அப்படியெல்லாம் இருக்காது பிள்ளே, ஜெபம் பண்ணிக்க என்றார். மறுநாள் இரண்டு பேப்பர் வாங்கி வந்தார், அவர் படிக்கிற பேப்பர் ஒன்றுதான். அடுத்த வாரம் வேலைக்குப் போய் வந்து, கோவில்பட்டி ஆளுங்ககிட்ட விசாரிச்சேன், ஒண்ணும் இல்லியாம் என்றார். அதைச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, தலை சட்டைக்குள் இருக்கும்போது சொன்னார். முகம் தெரிகிற மாதிரி சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். உண்மையிலேயே விசாரித்தாரா, அல்லது என்னைத் தூங்க வைக்கச் சொன்னாரா, இதை அவரிடம் எத்தனையோ தடவை கேட்க வாயெடுத்து, கேட்காமல், இப்போது கேட்பதற்கு அவர் இல்லை.

அதிலிருந்து தினமும் ராத்திரி, குடும்ப ஜெபம் முடிந்து, மற்றவர்கள் படுத்த பிறகு, ஆண்டவரே, தண்டவாளத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவளை எழுப்பி வீட்டுக்குக் கொண்டுபோம். உட்கார்ந்திருக்கிறவள். இருந்தவள் என்று ஒரு நாளும் வாயில் வந்ததில்லை. ஆண்டவருக்கு நேற்று இன்று கிடையாது அல்லவா, அந்த முக்கால் மணி நேரம் அவரிடம் இன்னும் முடிந்திருக்காது, பின்னால் வந்த வண்டி இன்னும் எங்கேயோ சாத்தூரில் நின்றுகொண்டிருக்கும். சபையில் ஒரு தடவை போதகரிடம் தன் பெயரைச் சொல்லாமல், யாரோ கேட்டது போலக் கேட்டாள், நடந்து முடிந்த காரியத்துக்கு விண்ணப்பம் பண்ணலாமா ஐயா. முடிஞ்சதுக்கு ஸ்தோத்திரந்தான் பண்ண முடியும், விண்ணப்பம் பண்ண முடியாதும்மா என்று அவர் சொன்னார். சரிங்க ஐயா என்று வந்துவிட்டு அன்றைக்கு ராத்திரியும் விண்ணப்பமே பண்ணினாள். ஜெபத்தில் தண்டவாளத்துப் பக்கத்தில் என்கிற அந்த வரி வந்தால் தூக்கம் போகும். ஷைலாவுக்குப் பரீட்சை, ஜெபினுக்கு வேலை, கல்யாணம், பிரசவம், தாசையனுக்கு ஆபரேஷன், எல்லாவற்றுக்கும் ஜெபித்துவிட்டுக் கண் சொருகும்போது இவள் வந்து நிற்பாள், கழுத்தில் தண்ணீர் வழிய. உயிரோடு இருந்தால் நல்லது. இல்லையென்றால் இத்தனை வருடமும் யாருக்காக. காலியான வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேனா. அதைவிட, நேரம் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. இந்த இடம் வந்தவுடன் மனசு செக்கு மாடு மாதிரி திரும்பி முதலில் இருந்து சுற்றத் தொடங்கும். ரயிலில் போகும்போதெல்லாம் அந்த இடத்தைப் பார்க்கத்தான் விடியற்காலையில் எழுந்து உட்காருவாள். வேப்ப மரம் வரும், போகும். யாரும் இருக்கமாட்டார்கள். யாரும் இல்லாததற்கு என்ன அர்த்தம் என்று திருநெல்வேலி வரைக்கும் யோசித்துக்கொண்டே போவாள். இந்தத் தடவை, பெர்த்துக்கு எழுதும்போது, பேனா தானாகக் கோவில்பட்டி என்று எழுதிற்று. அறுபது முடிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வடக்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துல ஒரு வேப்ப மரம், கூரையில்லாத ஒரு கட்டடம் என்று அடையாளம் சொன்னதும், அங்க வீடு ஒண்ணும் கிடையாதேம்மா, யாரப் பாக்கப் போறீக என்றார். தெரியல தம்பி, போய்ப் பார்க்கணும் என்றாள். அவர் வண்டியை மெதுவாக்கி, வீட்டுல ஏதும் சண்டையா என்று கேட்டார். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தண்டவாளத்தோரம் இறக்கிவிடச் சொல்லுகிற கிழவி. இல்ல மக்களே, எனக்கு மத்தியானம் நெத்திலிக் குழம்பு காத்துட்டு இருக்கு, சாகிறதுக்கெல்லாம் நேரமில்ல என்றாள். அவர் வெட்கப்பட்டுப் போனார், ஆனாலும் கேட்டில் இறக்கிவிட்டு இங்கனயே நிக்கேன், வெரசா வாங்க என்று இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நின்றுகொண்டார். இந்த மனுஷனுக்கு ஒரு நிமிடத்தில் தோன்றியது எனக்கு அன்றைக்கு வடைக்காரன் போன பிறகுதானே தோன்றியது. வண்டித் தடத்தில் நடந்தாள். மண் காலடியில் நொறுங்கியது. வேப்ப மரம் ரயிலிலிருந்து பார்த்ததைவிடப் பெரியதாக, பூத்து உதிர்த்துக்கொண்டு நின்றது. கட்டடத்தின் சுவர் இன்னும் பாதி இருந்தது. அன்றைய ஜல்லிக் குவியல் இல்லை, கொஞ்சம் தள்ளி வேறு குவியல். இங்கேதான். ஆண்டவரே, கூடவே வாரும். தண்டவாளம் வெயிலில் பளபளவென்று ஒரு பாவமும் அறியாதது மாதிரி கிடந்தது. மரத்துக்கு அந்தப் புறமிருந்து ஒரு பெண் கையில் தொரட்டிக் கம்போடு வந்தாள், ஐம்பத்தைந்து வயது இருக்கலாம், தலையில் துண்டு, பின்னால் இருபது இருபத்தைந்து ஆடுகள்.

"யாரு தாயி, வழி தப்பி வந்துட்டீகளா?"

"இல்லம்மா. இந்த இடத்தைப் பார்க்க வந்தேன்."

"இந்த எடத்தயா? நல்லாப் பாருங்க. ஆட்டுப் புழுக்கதான் கெடக்கு."

சுகிர்தம் சொல்ல ஆரம்பித்தாள். யாரிடமும் சொல்லாததை, பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததை, நிழலில் நின்றுகொண்டு ஒரு தெரியாதவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னாள். தண்ணீர் கேட்டது, நேரம் கேட்டது, தான் சொன்னது, அவள் முன்னால் வந்து நின்றது. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே வேப்பங்குழை ஒன்றை வளைத்து இழுத்தாள், ஆடுகள் மொய்த்தன.

"குனிஞ்சு சக்கரத்தப் பாத்தான்னீகள்ல?"

"பார்த்தா. ஒவ்வொண்ணாக் குனிஞ்சு குனிஞ்சு."

"வண்டி நகண்டதும் கிட்டக்க வந்தா?"

"வந்தா. வாய் என்னவோ முணுமுணுத்துது."

"எண்ணிருப்பா" என்றாள் அவள். "சக்கரத்துக்கு ஊடால தெரியுத ஆட்டுக்கால எண்ணிருப்பா தாயி. வண்டி நட்டுக்க நின்னுருச்சுன்னா ஆடு அந்தப் பக்கம், ஆளு இந்தப் பக்கம். இங்கன சிக்னல் போடாம நிப்பாட்டிருவான், அது என்னைக்கும் உள்ள கூத்து. செனையாடு கெடந்தா வயித்தக் கலக்கும். ஓடி ஓடிப் பாத்து, அழுது, தொண்டை வறண்டு, வண்டியில உள்ளவுகட்ட தண்ணி வாங்கிக் குடிப்போம். பின்னால அடுத்தது எப்ப வருதுன்னு கேட்டுக்கிட்டாத்தான இது நகண்டதும் ஓடிப் போயி அதுகளப் பத்திட்டு வந்து சேக்கலாம். எல்லாவளும் கேக்கதுதான். ஆம்பளைகளும் கேப்பாக."

சுகிர்தம் ஜல்லிக் குவியலில் உட்கார்ந்துவிட்டாள். கல் சுட்டது. ஆடு அந்தப் பக்கம். பெட்டிக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உண்டு என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நினைக்கவில்லையே. அந்தப் பக்க ஜன்னலில் ஜெபின் இருந்தான். பன்னிரண்டு வயது. அம்மா, இங்க பாருங்க, குட்டி ஆடு என்று அவன் சொன்னானா. சொன்னான் போலத்தான் இருக்கிறது, சும்மா இருலே என்று தான் அதட்டினது போலவும் இருக்கிறது, அல்லது இப்போது கேட்டதினால் மனசு அதைச் செய்து வைக்கிறதா. அவனிடம் கேட்டால், எதும்மா, எந்த ஆடு என்பான். எத்தனை ராத்திரி. தாசையனையும் எழுப்பி, அவரையும் இரண்டு பேப்பர் வாங்க வைத்து. அவர் விசாரித்திருந்தால் ஒன்றும் இல்லை என்றுதான் வந்திருக்கும், விசாரிக்காவிட்டாலும் அவர் சொன்னது சரிதான், சட்டைக்குள் தலையை வைத்துக்கொண்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன். ஆனால் அது இவளா, வேறு யாராவதா, ஒருவேளை ஆடு இல்லாத ஒருத்தியா என்று பயம் பழைய வழக்கப்படி எழுந்து உட்கார இடம் தேடிற்று. கேட்டுவிட்டாள். "இங்க ஒரு பொம்பளையும் விழலியா?"

"ரயிலடின்னா நாலு பேரு வந்து விழத்தான் செய்வாக. எங்க பக்கம் பொம்பள விழுந்ததா நான் கேள்விப்படல. எனக்குத் தெரிஞ்சு நாப்பது வருசமா நானும் எங்க மதினியுந்தான் இந்தத் தடத்துல ஆடு பத்துதோம். நானா இருக்கலாம், அவளா இருக்கலாம்."

"பாட்டில் ஞாபகம் இல்லியா? பச்சை மூடி."

"எத்தனை பேருகிட்ட குடிச்சிருக்கேன், மூடியவா பாக்கேன்" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, தொரட்டிக் கம்பை ஊன்றிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தாள். "இருவத்திரெண்டு வருசமாவா எனக்குச் சாமி கும்பிட்டீக?"

"உனக்கோ உங்க மதினிக்கோ."

"என்னன்னு?"

"உயிரோட வீட்டுக்குப் போய்ச் சேரணும்னு."

"அம்புட்டுதானா? தெனமும் கேட்டுக்கிட்டு இருந்தவுக, அப்படியே ரெண்டேக்கர் நஞ்சையும் சேத்துக் கேட்டிருக்கப்படாதா? வீட்டுக்கு நான் தெனமும் போய்க்கிட்டுத்தான இருந்தேன்."

சுகிர்தத்துக்குச் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பி வந்தது. வயிற்றிலிருந்து வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூரத்தில் கேட்டில் நின்ற ஆட்டோக்காரர் என்னவோ ஏதோவென்று இரண்டு எட்டு முன்னால் வந்து, பிறகு நின்றார். தினமும் போய்க்கிட்டுத்தான இருந்தேன். கேட்டதெல்லாம் கிடைத்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் கேட்ட அன்றைக்கே, கேட்பதற்கு முன்னாலேயே, சாயங்காலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இவள் வீட்டுக்குப் போன பிறகுதான் ராத்திரி நான் கேட்டிருக்கிறேன். இதைப் போதகரிடம் சொல்ல வேண்டும். வேண்டாம், சொன்னால் விளக்கம் சொல்லுவார்.

"உன் பேரு என்னம்மா?"

"பேரு எதுக்கு?"

"இனி பேரு சொல்லிக் கேக்கணும்ல. இவ்வளவு நாளும் பேரில்லாமலே கேட்டேன்."

அவள் யோசித்தாள். விளையாட்டாக இல்லாமல், கடையில் என்ன வாங்க வேண்டும் என்று யோசிப்பது போல, ஆடுகளைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள். "எனக்கு ஒண்ணும் வேணாம் தாயி, இருக்கேன். வெள்ளத்தாயின்னு பேரு, சும்மா சொல்லி வையுங்க. மதினி பேரு முத்துப்பேச்சி, அவளுக்கு முட்டி வலி, குத்த வச்சா எந்திரிக்க முடியல, அவளச் சேத்துக்கோங்க, எனக்கு மட்டும்னா கோவிச்சுக்கிடுவா. எம் மருமக ராமலெச்சுமிக்கு இது ஒம்போதாம் மாசம், அது முக்கியம். பெறவு, உங்க சாமி ஆட்டுக்கெல்லாம் கேக்குமா?"

"கேக்கும். ஆட்டுக்கு நல்லாவே கேக்கும்."

"அந்தா நிக்கில்லா, காது மடிஞ்சது, நாலு நாளா வாய்ப்புண்ணு. எல கடிக்க மாட்டங்கு."

காது மடிந்த ஆடு மற்றவற்றிலிருந்து தள்ளி, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிய, யாரையும் எதிர்பார்க்காமல் நின்றது. சுகிர்தம் எழுந்து அதன் கிட்டே போனாள். ஆட்டுக்காகக் கண்ணை மூடினால் சிரிப்பார்களோ என்று தோன்றியது, பிறகு தோன்றவில்லை. நெற்றியில் கை வைத்தாள், எலும்பு கல் மாதிரி சூடாக இருந்தது. வார்த்தை சின்னதாகத்தான் வந்தது. கண்ணைத் திறந்தபோது வெள்ளத்தாய் தலைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

பதினொன்றே முக்கால் வண்டி பன்னிரண்டுக்கு வந்தது. கூட்டம்தான், ஆனாலும் கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். திருநெல்வேலிக்குள் போவதற்கு முன்னால் பரிசோதகர் வந்தார், டிக்கெட்டை வாங்கி, திருப்பி, பின்பக்கத்தை இரண்டு தடவை படித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சரிதான்மா என்று கொடுத்துவிட்டுப் போனார். திருநெல்வேலியில் பூக்கூடையோடு ஒரு தடித்த பெண் ஏறி, கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன் அக்கா என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிச்சிப்பூ வாசனை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே பாளையங்கோட்டைப் பக்கத்துப் பச்சை வயல், இந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு எதிர்ப் பக்க ஜன்னலிலும் பார்த்தாள், அங்கேயும் வயல்தான். ராத்திரி வரைக்கும் வைத்திருப்பானேன், பெயர்கள் மறந்துபோகும். பையை மடியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். ஆண்டவரே, வெள்ளத்தாய். முத்துப்பேச்சி, அவளுடைய முட்டி. ராமலெச்சுமி, ஒன்பதாம் மாசம், நல்ல பிரசவம். அதற்குப் பிறகு ஒன்று இருந்தது, காது மடிந்தது, அதற்குப் பெயர் கேட்கவில்லையே என்று நினைத்தாள், நினைத்ததின் பாதியில் தலை சாய்ந்துவிட்டது. பூக்காரி தன் தோளில் வந்து விழுந்த தலையை ஒரு பார்வை பார்த்தாள். வாயைத் திறந்து என்னவோ சொல்லப் போனவள், சொல்லாமல், பூக்கூடையை மடியிலிருந்து காலடிக்கு இறக்கி வைத்துவிட்டு, தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.